ரொட்டி மலிந்த நூற்றாண்டு



இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் கம்பர்லாந்து என்றொரு மலைப்பகுதி. அங்கே கிரேஸ்டோக் என்ற ஊரின் தேவாலயத்தில் 1623ஆம் ஆண்டின் அடக்கப் பதிவேடு இன்றும் இருக்கிறது. பதிவேடு எழுதியவர் பெயரையும் தேதியையும் எழுதியதோடு நிறுத்தவில்லை. பிச்சையெடுத்துத் திரிந்த சிறுவன் ஒருவன் பட்டினியால் செத்தான் என்கிறார். தகப்பனை இழந்த ஒரு பிள்ளை, உண்ண உணவும் பிழைக்க வழியும் இல்லாமல் மாண்டது என்கிறார். பக்கத்துப் பகுதியான வெஸ்ட்மோர்லாந்திலும் அந்த ஆண்டு இதே கதைதான். மலைநாட்டு மக்கள் ஆடுமாடுகளையும் கம்பளியையும் விற்றுத் தானியம் வாங்கிப் பிழைத்தவர்கள். கம்பளி விலை விழுந்து, தானிய விலை ஏறியபோது அவர்களுக்கு எந்தப் பிடிமானமும் இருக்கவில்லை.

அதிலிருந்து 66 ஆண்டுகள் கழித்து, 1689இல், இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. உள்நாட்டில் கோதுமை விலை குவார்ட்டர் ஒன்றுக்கு 48 ஷில்லிங்கைத் தாண்டாதவரை, அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்பவருக்குக் குவார்ட்டருக்கு 5 ஷில்லிங் வீதம் அரசே பணம் தரும். குவார்ட்டர் என்பது ஏறத்தாழ 220 கிலோ கோதுமை. விளைந்ததை எங்கே கொண்டுபோய் விற்பது, விலை சரியாமல் எப்படித் தடுப்பது என்பது நிலவுடைமையாளர்களின் கவலையாகிவிட்டது.

பிள்ளைகள் பட்டினியில் செத்த நாடு, ஒரு மனிதரின் ஆயுட்காலத்துக்குள், தானியத்தை வெளியே அனுப்பக் காசு கொடுக்கும் நாடாக மாறியது எப்படி? அந்த மாற்றத்தின் விலையை யார் கொடுத்தார்கள்? இந்த இரண்டு கேள்விகளையும் பிரிக்காமல் சேர்த்தே கேட்க வேண்டும் என்பதுதான் இந்த உரையின் வாதம். முதல் கேள்வியை மட்டும் கேட்பவர்கள் 17ஆம் நூற்றாண்டை முன்னேற்றத்தின் கதையாக எழுதிவிடுகிறார்கள். இரண்டாவதை மட்டும் கேட்பவர்கள் அதைக் கொள்ளையின் கதையாக எழுதுகிறார்கள். ஆவணங்களில் இரண்டும் ஒரே வயலில், ஒரே ஆண்டில் நடக்கின்றன.

லண்டனிலிருந்து தொடங்குவோம். 1600இல் அந்நகரில் சுமார் 2 லட்சம் பேர். 1700இல் 5 லட்சத்துக்கும் மேல். இத்தனைக்கும் அந்த நூறு ஆண்டுகளில் நாட்டின் மொத்த மக்கள்தொகை 41 லட்சத்திலிருந்து 50 லட்சத்துக்குத்தான் உயர்ந்தது; அதுவும் 1650க்குப் பிறகு ஏறாமல் நின்றுவிட்டது. லண்டனில் பிறப்பைவிட இறப்பே அதிகம். 1625இலும் 1665இலும் கொள்ளைநோய் வந்து பல்லாயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போனது. அப்படியும் ஊர் வளர்ந்தது என்றால், கிராமங்களிலிருந்து இளைஞர்களும் இளம்பெண்களும் ஓயாமல் வந்து குவிந்தார்கள் என்று பொருள். அன்றைய இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவர்களில் ஆறில் ஒருவராவது வாழ்க்கையில் ஏதோ ஒரு காலம் லண்டனில் இருந்திருப்பார் என்று ரிக்லி என்னும் வரலாற்றாசிரியர் 1967இல் கணித்தார்.

இத்தனை பேரும் சாப்பிட வேண்டும், குளிர் காய வேண்டும். கென்ட் பகுதிக் கோதுமையும் பழங்களும் படகில் வந்தன. தேம்ஸ் நதி வழியே பீருக்கான மால்ட் இறங்கியது. வேல்ஸிலிருந்து மாடுகள் நூற்றுக்கணக்கான மைல் நடந்து வந்தன. நியூகாசிலிலிருந்து கடல்வழியே நிலக்கரி வந்தது. விறகு எரித்த நகரம் கரி எரிக்கும் நகரமாயிற்று. நகரைச் சுற்றிக் காய்கறித் தோட்டங்கள் முளைத்தன. தோட்டக்காரர்கள் 1605இல் தங்களுக்கென்று அரச சாசனம் பெற்ற சங்கமே வைத்துக்கொண்டார்கள். ஒரு பெரிய சந்தை நிச்சயமாக இருக்கிறது, விளைந்தது விலை போகும் என்ற நம்பிக்கை உழவரிடம் என்ன மாற்றத்தை உண்டாக்கும் என்பதைப் பார்க்க நமக்கு அருமையான ஒரு சாட்சி கிடைத்திருக்கிறார்.

அவர் பெயர் ராபர்ட் லோடர். பார்க்ஷயரில் ஹார்வெல் என்ற ஊரில் நிலம் வைத்திருந்த உழவர். 1610 முதல் 1620 வரை அவர் எழுதிய பண்ணைக் கணக்கு கிடைத்திருக்கிறது. எத்தனை புஷல் விதைத்தேன், எத்தனை கண்டேன் என்பதோடு அவர் நிற்பதில்லை. கோதுமை போட்ட நிலத்தில் வாற்கோதுமை போட்டிருந்தால் எவ்வளவு கூடியிருக்கும்? வீட்டில் சோறு போட்டு வேலையாள் வைத்துக்கொள்வது லாபமா, நாள்கூலிக்கு ஆள் பிடிப்பது லாபமா? ஒரு வேலையாள் ஓராண்டில் என்ன சாப்பிட்டான், அதன் விலை என்ன? மரத்துச் செர்ரிப் பழத்தையும் கூண்டுப் புறாவையும் விற்ற காசுகூடக் கணக்கில் ஏறுகிறது. பத்து ஆண்டுகள் இப்படித் தன்னையே கேள்வி கேட்டுக்கொண்டு எழுதியிருக்கிறார். எல்லா உழவரும் லோடர் அல்ல. ஆனால் ஓர் உழவர் தம் வயலை வீட்டுக் களஞ்சியமாகப் பார்ப்பதை விட்டு, போட்ட பணத்துக்கு என்ன வரும் என்று பார்க்கத் தொடங்கியதை அந்தக் கணக்கில் வரிக்கு வரி காணலாம்.

அந்தப் பார்வைக்குப் பழைய வயல்முறை இடைஞ்சலாக இருந்தது. மத்திய இங்கிலாந்துக் கிராமங்களில் நிலம் வேலியில்லாத பெரும் வயல்களாகக் கிடந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் இங்கொரு துண்டு, அங்கொரு துண்டு. எதை எப்போது விதைப்பது என்று ஊர் கூடி முடிவு செய்யும். மூன்றில் ஒரு பங்கு நிலம் ஆண்டுதோறும் தரிசாகக் கிடக்கும். அறுப்பு முடிந்ததும் எல்லாருடைய மாடும் எல்லார் நிலத்திலும் மேயும். இதற்கப்பால் பொதுப் புல்வெளி, புதர்க்காடு, கரம்பு. நிலமே இல்லாத குடிசைக்காரர்கூட அங்கே ஒரு பசுவை ஓட்டலாம், விறகு பொறுக்கலாம், அறுத்த வயலில் உதிர்ந்த கதிரைச் சேர்க்கலாம். ஏழை வீட்டுப் பாலும் நெருப்பும் இந்த உரிமையில்தான் இருந்தன.

இந்தத் துண்டுகளை ஒன்றுசேர்த்து, பொதுவுரிமையை நீக்கி, சுற்றிலும் வேலி போட்டுத் தனியுடைமையாக்குவதே வேலியடைப்பு. இதைப் பலரும் 18ஆம் நூற்றாண்டின் நாடாளுமன்றச் சட்டங்களோடு சேர்த்தே பேசுகிறார்கள். ஆனால் வோர்டி என்ற ஆய்வாளரின் கணிப்புப்படி, இங்கிலாந்தின் நிலத்தில் சுமார் 24 சதவீதம் வேலிக்குள் போனது 17ஆம் நூற்றாண்டில்தான்; 18ஆம் நூற்றாண்டில் 13 சதவீதமே. பெரும்பாலும் ஊர்ப் பெரியவர்களிடையே உடன்படிக்கை, அதை உறுதிப்படுத்த நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு என்று ஓசையில்லாமல் நடந்தது. உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்கள் நிலம் உள்ளவர்கள். ஒற்றைப் பசு மட்டும் வைத்திருந்தவரின் சம்மதத்தை யாரும் பெரிதாகத் தேடவில்லை.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1607 மே மாதத்தில் நார்தாம்ப்டன்ஷயர், வாரிக்ஷயர், லெஸ்டர்ஷயர் மூன்றிலும் ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் மண்வெட்டியோடு திரண்டு புதிய வேலிகளைப் பிடுங்கினார்கள், அகழிகளைத் தூர்த்தார்கள். ஜான் ரெனால்ட்ஸ் என்ற தலைவரைக் ‘கேப்டன் பவுச்’ என்று அழைத்தார்கள். பவுச் என்றால் பை; இடுப்பில் ஒரு தோல்பை கட்டியிருப்பார். யார் எதிர்த்து வந்தாலும் உங்களைக் காக்கும் பொருள் இதில் இருக்கிறது என்று மக்களிடம் சொல்லியிருந்தார். ஜூன் 8 அன்று நியூட்டன் என்ற ஊரில், டிரெஷாம் என்ற நிலக்கிழார் குடும்பத்தார் வேலியடைத்த நிலத்தில், ஜமீன்தார்களின் ஆயுதப்படை கூட்டத்தின்மேல் பாய்ந்தது. 40 முதல் 50 பேர் செத்தார்கள். பிடிபட்ட தலைவர்களைத் தூக்கிலிட்டு உடலைக் கூறுபோட்டார்கள். ரெனால்ட்ஸின் பையைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தது ஒரு துண்டுப் பாலாடைக்கட்டி.

அரசு அப்போது இரண்டு மனத்தோடு இருந்தது. கலகக்காரர்களைத் தூக்கிலிட்டது; கூடவே, வேலியடைத்தவர்கள்மீதும் விசாரணை நடத்தி அபராதம் போட்டது. உழவர் குடி அழிந்தால் வரியும் போகும், படைக்கு ஆளும் போகும் என்ற பழைய அச்சம் அது. அந்த அச்சம் மெல்லக் கரைந்தது. வேலியடைப்பைக் கட்டுப்படுத்த 1656இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த மசோதா தோற்றது. அதற்குப் பிறகு அந்த நூற்றாண்டில் அப்படியொரு முயற்சி தலைதூக்கவில்லை.

வேலிக்குள் போன நிலத்தில் என்ன செய்தார்கள்? இங்கேதான் ரிச்சர்ட் வெஸ்டன் வருகிறார். சர்ரே மாவட்டத்து நிலக்கிழார், கத்தோலிக்கர், அரசர் கட்சிக்காரர். அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரின்போது 1644இல் நாட்டைவிட்டு ஃபிளாண்டர்ஸுக்குப் போனார். அங்கே ஆன்ட்வெர்ப்புக்கும் கெண்ட் (Ghent) நகருக்கும் இடையில், ஒன்றுக்கும் உதவாதது என்று எவரும் சொல்லக்கூடிய மணற்பாங்கான நிலத்தில் உழவர்கள் செழிப்பாக இருப்பதைக் கண்டார். ஆளி விதைத்து அறுக்கிறார்கள். பிறகு டர்னிப் கிழங்கு. பிறகு குளோவர் என்னும் மூவிலைத் தீவனப்பயிர். தரிசு என்ற பேச்சே இல்லை. வெஸ்டன் பார்த்ததையெல்லாம் தம் பிள்ளைகளுக்காக எழுதிவைத்தார். லண்டனில் குடியேறியிருந்த, அறிவைப் பரப்புவதையே வாழ்க்கையாகக் கொண்ட சாமுவேல் ஹார்ட்லிப் அந்தக் கையெழுத்துப் பிரதியை 1650இல் அச்சிட்டார்.

குளோவரின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருக்கும் தழைச்சத்தை மண்ணுக்கு இழுத்துத் தருகின்றன. அந்த அறிவியல் அன்று எவருக்கும் தெரியாது. குளோவர் நின்ற நிலத்தில் அடுத்த கோதுமை திமிறி வருகிறது என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. குளோவரும் டர்னிப்பும் இருந்தால் குளிர்காலத்திலும் மாட்டுக்குத் தீனி உண்டு. மாடு பெருகினால் எரு பெருகும். எரு பெருகினால் விளைச்சல் பெருகும். மேற்கே வொர்ஸ்டர்ஷயரில் ஆண்ட்ரூ யாரன்டன் 1660களில் குளோவரைப் பற்றிப் புத்தகம் எழுதியதோடு அதன் விதையையும் பரப்பினார். கிழக்கே சஃபோக்கில் அதே காலத்தில் மாட்டுத் தீனிக்காக டர்னிப் பயிரானது. பள்ளிப் பாடங்கள் இந்தப் பெருமையை 18ஆம் நூற்றாண்டு டவுன்ஷெண்ட் பிரபுவின் தலையில் கட்டுகின்றன. அவர் பிறந்தது 1674இல். அப்போதே சஃபோக் உழவர் வயலில் டர்னிப் நின்றிருந்தது.

வெஸ்டன் இன்னொன்றும் செய்தார். கில்ட்ஃபோர்டிலிருந்து தேம்ஸ் வரை வே நதியில் மதகுகள் கட்டிப் படகு போகும்படி செய்யும் வேலையைத் தொடங்கினார். 1652இல் இறந்துவிட்டார், அடுத்த ஆண்டு அந்த நீர்வழி திறந்தது. உள்நாட்டு விளைச்சல் படகேறி நேராக லண்டனுக்குப் போயிற்று. பயிரையும் பாதையையும் ஒருசேர நினைத்த மனிதர் அவர். வேளாண் வரலாற்றில் அவருக்கு இன்னும் பெரிய இடம் கொடுக்கலாம்.

இந்த நூற்றாண்டின் மிகப் பெரிய வேளாண் முதலீடு கிழக்கு இங்கிலாந்தின் ஃபென் சதுப்பு நிலங்களில் நடந்தது. 1630இல் பெட்ஃபோர்டு பிரபு பங்குதாரர்கள் சிலரோடு சேர்ந்து, சதுப்பை வடித்துத் தந்தால் 95,000 ஏக்கர் தங்களுக்கு என்று ஒப்பந்தம் செய்தார். டச்சுக்காரரான கார்னீலியஸ் வெர்முய்டன் பொறியாளர். 21 மைல் நீளத்துக்கு நேர்கோடாக ஒரு கால்வாய் வெட்டினார்கள். 1651இல் அதற்கு இணையாக இன்னொன்று. டன்பார் போரில் பிடிபட்ட ஸ்காட்லாந்துக் கைதிகளையும் அந்த வேலையில் இறக்கினார்கள்.

வெறும் சேறு என்று முதலீட்டாளர்கள் சொன்ன அந்த நிலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன. விலாங்கு பிடித்தார்கள், நீர்ப்பறவை வேட்டையாடினார்கள், கூரைக்கு நாணல் அறுத்தார்கள், அடுப்புக்குக் கரிமண் வெட்டினார்கள், கோடையில் தண்ணீர் வடிந்த புல்லில் மாடு மேய்த்தார்கள். அவர்கள் இரவோடிரவாகக் கரைகளை உடைத்தார்கள், மதகுகளைப் பெயர்த்தார்கள். பின்னாளில் நாடாளுமன்றத் தரப்பின் தலைவரான ஆலிவர் கிராம்வெல் 1630களில் அவர்கள் பக்கம் நின்றவர் என்று பெயரெடுத்தார். அதே கிராம்வெல்லின் கட்சி அரசரை வீழ்த்தி ஆட்சியைப் பிடித்ததும் 1649இல் வடிகால் திட்டத்துக்குச் சட்டம் போட்டது. நிலம் காய்ந்தது. கோதுமையும் ஓட்ஸும் எண்ணெய் வித்தும் விளைந்தன. கூடவே, காய்ந்த கரிமண் சுருங்கி நிலம் தாழ்ந்தது. வயல் கால்வாயைவிடப் பள்ளமாயிற்று. தண்ணீரை மேலே இறைக்கக் காற்றாலைகள் வைக்க வேண்டி வந்தது. அந்தப் பிரதேசத்தில் இன்றுவரை நீர் இறைப்பது நிற்கவில்லை.

சட்டமும் யார் பக்கம் சாய்ந்தது என்று பார்க்க வேண்டும். 1646இல் நாடாளுமன்றம் எடுத்த முடிவை 1660இல் முடிமன்னர் ஆட்சி திரும்பிய பிறகும் உறுதிசெய்தார்கள்: பெரிய நிலக்கிழார்கள் அரசருக்குச் செலுத்திவந்த பழைய நிலமானியக் கடமைகள் ஒழிந்தன. கருவூலத்துக்கு ஏற்பட்ட நஷ்டத்தை ஈடுகட்டப் பீர் போன்ற பானங்கள்மீதான தீர்வை நிலையாயிற்று. நிலக்கிழாரை விட்டுப் போன சுமை, கூலிக்காரர் குடிக்கும் பீருக்கு வந்தது. சாதாரணக் குடியானவரின் சாகுபடி உரிமைக்கு அப்படியொரு பாதுகாப்பை எந்தச் சட்டமும் தரவில்லை. 1649இல் விலைவாசி உச்சத்தில் இருந்த வசந்தகாலத்தில், ஜெரார்ட் வின்ஸ்டன்லியும் தோழர்களும் சர்ரேயின் செயின்ட் ஜார்ஜ் குன்றில் பொதுக் கரம்பைக் கொத்திக் கேரட்டும் அவரையும் விதைத்தார்கள். நிலம் எல்லாருக்கும் பொது என்றார்கள். ஓராண்டுக்குள் அடித்துத் துரத்தப்பட்டார்கள்.

இனி வணிகம். நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து விற்றது அநேகமாக ஒரே பொருள்: கம்பளித் துணி. அதையும் சாயம் போடாமல் நெதர்லாந்துக்கு அனுப்பியது. லாபம் சாயத்தில் இருக்கிறது, அதை நாமே எடுப்போம் என்று வில்லியம் காக்கெய்ன் என்ற லண்டன் வணிகர் முதலாம் ஜேம்ஸ் அரசரை நம்பவைத்தார். 1614இல் சாயமிடாத துணியின் ஏற்றுமதிக்குத் தடை. டச்சுக்காரர்கள் பதிலுக்குச் சாயமிட்ட ஆங்கிலத் துணியைத் தடுத்தார்கள். காக்கெய்னிடம் போதுமான சாயக்காரர்களும் இல்லை, சந்தையும் இல்லை. 1617இல் திட்டத்தைக் கைவிட்டபோது வில்ட்ஷயரிலும் குளோஸ்டர்ஷயரிலும் தறிகள் நின்றுபோயிருந்தன.

தறி நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஆன் கார்ட்டர் சாட்சி. எசெக்ஸ் பகுதித் துறைமுக ஊரான மால்டனில் 1629 மார்ச்சில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள், பிள்ளைகளோடு, ஏற்றுமதிக்காக ரை தானியம் ஏற்றிய கப்பலில் ஏறினார்கள். தங்கள் ஏப்ரனிலும் தொப்பியிலும் தானியத்தைக் கொட்டச் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் ஆன் கார்ட்டர் இருந்தார். மே மாதத்தில் வேலையிழந்த நெசவாளர்களைத் திரட்டிக்கொண்டு மீண்டும் வந்தார். தன்னைக் ‘கேப்டன்’ என்று அழைத்துக்கொண்டார். இந்த முறை அரசு பொறுக்கவில்லை. சில நாட்களில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டுகளில் தானிய ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடும் சந்தை மேற்பார்வையும் இறுகின. 1601இன் ஏழைகள் சட்டப்படி ஊர்தோறும் வரி தண்டி, கதியற்றவர்களுக்கு உதவுவதும் மெல்ல வேரூன்றியது. இங்கிலாந்தில் பட்டினிச் சாவு குறைந்ததற்குக் குளோவரை மட்டும் காரணம் சொல்வது நியாயமாகாது. மால்டன் பெண்கள் ஆட்சியாளருக்குக் கொடுத்த பயத்துக்கும் அதில் பங்குண்டு.

கம்பளியின் தனியாட்சி இரண்டு பக்கமிருந்து உடைந்தது. ஒன்று அட்லாண்டிக். வர்ஜீனியாவின் புகையிலையும் பார்படோஸின் சர்க்கரையும் லண்டனுக்கு வந்து அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போயின. 1700 வாக்கில் இங்கிலாந்தின் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, இப்படி வாங்கி மறுபடி விற்ற சரக்கு. 1651 முதல் இயற்றிய கப்பல் சட்டங்கள் இந்தச் சரக்கை ஆங்கிலக் கப்பல்களுக்கே ஒதுக்கின. குளோஸ்டர்ஷயரில் விஞ்ச்கம் உழவர்கள் தாங்களே புகையிலை பயிரிட்டு ஏழைகளுக்கு வேலை கொடுத்தபோது, குடியேற்றங்களின் நலனுக்காக அதைத் தடைசெய்து, பயிரை அழிக்கக் குதிரைப்படை அனுப்பினார்கள். சர்க்கரைக்குப் பின்னால் இருந்தது ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பு. 1672இல் சாசனம் பெற்ற ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனிக்குத் தலைவர் அரசரின் தம்பி. லண்டன் தேநீரும் காப்பியும் இனித்ததற்கான விலையை மேற்கிந்தியத் தீவுகளில் மனிதர்கள் உயிரால் கொடுத்தார்கள். இதைச் சொல்லாமல் அந்நாட்டு வணிக வளர்ச்சியைப் பேசுவது பொய்.

மற்றொரு பக்கம் சோழமண்டலக் கரை. 1600 டிசம்பர் 31 அன்று சாசனம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி முதலில் மிளகைத் தேடித்தான் வந்தது. பின்னர் துணியின் லாபத்தைக் கண்டது. 1639இல் ஃபிரான்சிஸ் டே, தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடமிருந்து மதராஸ் கடற்கரையில் இடம் பெற்றதற்கு முதற்காரணம், இந்தப் பக்கத்தில் துணி நல்லதாகவும் மலிவாகவும் கிடைத்ததுதான். அலை மோதும் அந்தத் திறந்த கரையில் கப்பல் ஒதுங்கத் துறைகூட இல்லை. நம் கரையின் நெசவாளர்களும், சாயவேரிலிருந்து மங்காத சிவப்பை எடுத்தவர்களும் செய்த துணிக்கு ஈடான பருத்தித் துணி இங்கிலாந்தில் இல்லை. 1684இல் மட்டும் கம்பெனி இந்தியாவின் எல்லாக் கரைகளிலிருந்தும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துணிகளை இறக்கியது. கொடுத்தது பெரும்பாலும் வெள்ளி. ஏனென்றால் கம்பளியை இங்கே வாங்குவார் இல்லை.

லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் 1697இல் கம்பெனியின் தலைமையகத்தைத் தாக்கினார்கள். வயிறு எரிந்தவர்களின் கோபம் அது. அதில் நியாயமும் இருந்தது. 1700இல் நாடாளுமன்றம் அச்சிட்ட இந்தியத் துணியை உடுத்தத் தடைவிதித்தது. வெள்ளைத் துணி வரலாம் என்று விட்டதால் அதை வாங்கி லண்டனிலேயே அச்சிடும் தொழில் வளர்ந்தது. இந்தியக் கைவண்ணத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். தடையற்ற வணிகத்தால் இங்கிலாந்து செழித்தது என்று பின்னாளில் சொன்னவர்கள் இந்தச் சட்டத்தைப் பேசுவதில்லை.

வணிகத்தோடு சேர்ந்து வளர்ந்த பணத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1694இல் பிரான்சோடு நடந்த போருக்குக் கடன் தேவைப்பட்டது. 12 லட்சம் பவுன், 8 சதவீத வட்டி. பன்னிரண்டே நாளில் முழுத் தொகையும் சேர்ந்தது. கொடுத்தவர்கள் சேர்ந்து அமைத்த நிறுவனமே பேங்க் ஆஃப் இங்கிலாந்து.

மீண்டும் ரொட்டிக்கு வருவோம். 1690களில் ஐரோப்பா முழுவதும் குளிர் தாக்கியது. பருவம் தொடர்ந்து பொய்த்தது. பிரான்சில் 1693, 1694 இரண்டே ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பக்கத்து ஸ்காட்லாந்தில் கொடும் பஞ்சம். இங்கிலாந்தில் ரொட்டி விலை ஏறியது, ஏழைகள் வாடினார்கள். ஆனால் ஊர் ஊராகச் சாகவில்லை. கிரேஸ்டோக்கின் பதிவேட்டைப் படித்தவர்கள் இதன் அருமையை உணர்வார்கள். இது உண்மையான சாதனை, கோடிக்கணக்கில் புத்தகம் எழுதினாலும் தகும்.

அதே ஆண்டுகளில் கிரெகரி கிங் என்பவர் 1688ஆம் ஆண்டு இங்கிலாந்தின் குடும்பங்களை வகைபிரித்து ஓர் அட்டவணை தயாரித்தார். மொத்தம் 13 லட்சத்து 60 ஆயிரம் குடும்பங்கள் என்று கணக்கிட்டார். நாட்டின் செல்வத்தைப் பெருக்குவோர், குறைப்போர் என்று அவற்றை இரண்டாகப் பிரித்தார். பிரபுக்கள், வணிகர், அதிகாரிகள், நிலமுள்ள உழவர்கள் முதல் வரிசை. கூலியாட்கள் 3 லட்சத்து 64 ஆயிரம் குடும்பம். குடிசைவாசிகளும் வறியோரும் 4 லட்சம் குடும்பம். இவர்கள் இரண்டாம் வரிசை. பாதிக்கு மேற்பட்ட நாடு. குளோவர் விதைத்தவர்களும், ஃபென் கால்வாய் வெட்டியவர்களும், கம்பளி நூற்றவர்களும், அறுவடைக்கு அரிவாள் எடுத்தவர்களும் இந்த இரண்டாம் வரிசையில்தான் இருக்கிறார்கள். பிரபுவின் குடும்பத்துக்கு அவர் போட்ட ஆண்டு வருமானம் 2,800 பவுன். குடிசைக் குடும்பத்துக்கு 6 பவுன் 10 ஷில்லிங். அந்தக் குடும்பத்தின் செலவு வருமானத்தைவிடக் கூடுதல் என்றும், மீதியை ஊர்தான் ஏற்க வேண்டியிருக்கிறது என்றும் அவர் கணக்கு காட்டுகிறது. அந்தக் குடும்பத்தின் பசு எந்த வேலிக்கு வெளியே நின்றது என்பதற்கு அவர் அட்டவணையில் பத்தி ஒதுக்கவில்லை.